கையைத் தூக்கியது நானா? இரட்சிப்பை 'ஏற்றுக்கொள்வது' பற்றி ஒரு சந்தேகம்

கடலோரப்பொடியன் (தங்கச்சிமடம்)

தடைக்காலம். படகைக் கரையேற்றி வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறோம். ஜூன் 14 வரை கடலுக்குப் போக முடியாது, அதனால்தான் மனசு கண்டதையும் யோசிக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

விஷயம் இதுதான். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். பிறந்த சில நாளிலேயே என்னைக் கோவிலுக்குத் தூக்கிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், கொழுந்தியா கூப்பிட்டாள் என்று மண்டபம் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனோம். பந்தல், டியூப்லைட், தரையில் தார்ப்பாய். கடைசியில் பாஸ்டர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். கீபோர்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. "இயேசுவைச் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள், யாரும் பார்க்கவில்லை" என்கிறார். அந்த வாரம்தான் மச்சான் போன படகு அக்கரையில், இலங்கைப் பக்கம், பிடிபட்டிருந்தது, ஆட்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். என் கை மேலே போய்விட்டது.

இப்போது முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அம்மா என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது.

என் சந்தேகம் ஞானஸ்நானம் பற்றியது இல்லை. குழந்தையில் தண்ணீர் ஊற்றியபோது என்னை யாரும் கேட்கவில்லை, சரி. பந்தலில் கேட்டார்கள். ஆனால் கேட்டபோது கீபோர்டும் மச்சான் கவலையும் முழங்கையும் சேர்ந்து இருந்ததே, அதில் என் விருப்பம் எவ்வளவு? 'ஏற்றுக்கொண்டேன்' என்று எதை வைத்துச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தால் தனியாகத் திட்டுங்கள்.

சபைச்சகோதரன் (மண்டபம்)

பிரதர், முதலில் ஸ்தோத்திரம். குழம்பவே வேண்டாம். "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்று வெளிப்படுத்தல் 3:20 சொல்கிறது. கதவுக்குக் கைப்பிடி உள்பக்கம்தான் இருக்கிறது, திறக்க வேண்டியது நாம். யோசுவா கடைசியில் ஜனங்களைப் பார்த்து என்ன சொன்னார்? யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார். உபாகமம் 30இல் ஜீவனையும் மரணத்தையும் முன்னால் வைத்து நீ ஜீவனைத் தெரிந்துகொள் என்கிறார். தெரிவு நம்முடையது இல்லை என்றால் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? தேவனுக்குப் பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகள் கிடையாது. அப்பா விசுவாசம் மகனுக்கு ஓடாது. நீங்கள் கை உயர்த்தியது உங்கள் தீர்மானம். மனைவி இடித்தது ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

தெரிந்துகொள்ளப்பட்டவன் (ராமநாதபுரம், இப்போது சென்னை)

சகோதரரே, அந்தக் கதவு வசனத்தை எல்லாக் கூட்டத்திலும் இப்படியே பிரசங்கிக்கிறார்கள். அது லவோதிக்கேயா சபைக்கு எழுதிய கடிதம். ஏற்கெனவே சபையில் இருக்கிறவர்களுக்கு. வெளியாளுக்கு நீட்டிய அழைப்பாக அதை எடுப்பது சந்தர்ப்பம் பார்க்காமல் வாசிப்பது.

நேராக யோவான் 6:44க்கு வாருங்கள். "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்." அந்த 'இழுத்துக்கொள்ளுதல்' என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ஹெல்கோ என்ற வினை. அதே வினைதான் யோவான் 21இல் வருகிறது, பேதுரு 153 மீன் நிறைந்த வலையைக் கரைக்கு இழுக்கிற இடத்தில். வலையில் கிடக்கிற மீனிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? எபேசியர் 2 நம்மை நோயாளி என்று சொல்லவில்லை, மரித்தவர்கள் என்கிறது. செத்தவன் எழுந்து கதவைத் திறப்பானா? தம்பிக்கு நான் சொல்வது, கையைத் தூக்கியது யார் என்று தேடவே வேண்டாம். தேவன் தூக்கவைத்திருந்தால் அது நிற்கும். கீபோர்டு தூக்கவைத்திருந்தால் ஒரு மாதத்தில் தானாக இறங்கிவிடும்.

கீழக்கரை_காக்கா

அண்ணே, ஒரு சந்தேகம். நீங்கள் யாருக்குத் 'தெரிந்து' கொள்ளப்பட்டவர்?

தெரிந்துகொள்ளப்பட்டவன்

காக்கா, கிண்டல் புரிகிறது. பழைய வேதாகமத் தமிழில் தெரிந்துகொள்வது என்றால் தேர்ந்தெடுப்பது. யோவான் 15:16, "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்." சின்ன வயதில் நானும் ஏதோ அறிமுகம் இல்லாததைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு பள்ளியில் பாதிப் பேர் அப்படித்தான் படித்தோம்.

ஓரியூர்மண்

நான் 20 வருடமாக மறைக்கல்வி எடுக்கிறேன், எனவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, முதலில் உன் அம்மாவுக்காக ஒரு வார்த்தை. உன்னைக் கேட்காமல் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது உண்மைதான். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை அதோடு கதையை முடித்துவிடவில்லை. வளர்ந்த பிறகு விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் இருக்கிறது. அப்புறம் வருடாவருடம் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் மெழுகுவத்தியைக் கையில் கொடுத்து, அலகையை (சாத்தானை) விட்டுவிடுகிறீர்களா, நம்புகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். நீ இத்தனை வருடமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய்.

இனி விஷயம். இந்தச் சண்டை இன்றைக்கு நேற்றைக்கு வந்தது இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்பவர், மனிதன் நினைத்தால் தன் முயற்சியிலேயே நல்லவனாக முடியும் என்கிற மாதிரிப் போதித்தார். ஆயர் அகுஸ்தினார் விடவில்லை. 418இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸ் போதனையைத் தள்ளியது. அதன் பிறகு சிலர், சரி, முடிப்பது கடவுள், ஆனால் முதல் அடி நம்முடையது என்று நடுவழி பேசினார்கள். 529இல் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய சங்கம் அதையும் தள்ளியது. நம்பிக்கை தொடங்குவதே அருளால்தான் என்றது. ஆனால் அதே சங்கம், கடவுள் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தார் என்று யாராவது சொன்னால் அவர்களையும் கண்டித்தது. அப்புறம் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் வந்தார். மனிதனுடைய சித்தம் அடிமைப்பட்டது என்று 1525இல் எராஸ்முஸ் என்ற அறிஞருக்குப் பதிலாக ஒரு நூலே எழுதினார். 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், அருள்தான் முதலில் வந்து அசைக்கிறது, ஆனால் அசைக்கப்பட்ட மனிதன் அதற்கு இசையவும் முடியும் தள்ளவும் முடியும், அவன் உயிரில்லாத பொருள் போலக் கிடப்பதில்லை என்று தீர்த்துச் சொன்னது.

ஆக, சபைச்சகோதரன் சொல்கிற 'கைப்பிடி உள்பக்கம்' எங்களுக்குப் போதாது. அந்தக் கையைக் கைப்பிடி வரைக்கும் கொண்டுவந்தது யார் என்று கேட்போம். இன்னொன்று, மனிதன் தெரிவை வலியுறுத்திய புரொட்டஸ்டன்ட் போதகர்கள் ஆர்மினியுஸும் வெஸ்லியும்கூட அப்படி மொட்டையாகச் சொன்னவர்கள் இல்லை. முந்திவருகிற கிருபை இல்லாமல் ஒருவனும் திரும்ப மாட்டான் என்றுதான் அவர்களும் எழுதினார்கள்.

இழுக்கிற வசனத்துக்கு அகுஸ்தினாரே ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். ஆட்டுக்குப் பச்சைக் கொப்பைக் காட்டு, அது இழுக்கப்படுகிறது. சிறுவனுக்குக் கொட்டைப்பருப்பைக் காட்டு, அவனும் இழுக்கப்படுகிறான். கழுத்தில் கயிறு இல்லை, ஆசைதான் கயிறு. நம்மூரில் சீமைக்கருவேலங்காயைக் குலுக்கினால் ஆட்டுமந்தையே பின்னால் வருகிறதே, அப்படி. வருகிற ஆடு சொந்த ஆசையில்தான் வருகிறது, ஆனால் காயை யாரோ குலுக்கினார்கள்.

சபைச்சகோதரன்

ஐயா வெஸ்லி பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மேடையில் சுருக்கிச் சொல்லும்போது அது விட்டுப்போகிறது. பரிசுத்த ஆவியானவர் உணர்த்தாமல் யாரும் வருவதில்லை, எங்கள் சபையிலும் அதைத்தான் சொல்கிறோம்.

ஆனால் சென்னைச் சகோதரருக்கு. அதே இழுக்கிற வார்த்தை யோவான் 12:32இலும் இருக்கிறது. நான் உயர்த்தப்பட்டிருக்கும்போது எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன் என்று. எல்லாரையும்! வலையில் இழுத்தால் தப்பவே முடியாது என்றால் எல்லாரும் இரட்சிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி நீங்கள் போதிப்பதில்லையே. எருசலேமை நினைத்து ஆண்டவர் புலம்பியபோது "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்றாரே, மனம் இல்லாமல் போக முடியும் என்றுதானே அர்த்தம்?

தெரிந்துகொள்ளப்பட்டவன்

அங்கே 'எல்லாரையும்' என்பது யூதர் கிரேக்கர் என்று எல்லா ஜாதியாரிலும் இருந்து என்ற பொருளில். சற்று முன்னால்தான் கிரேக்கர் சிலர் இயேசுவைப் பார்க்க வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். 12ஆம் அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள்.

அக்னிதீர்த்தம் (ராமேஸ்வரம்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் உங்கள் மார்க்கம் இல்லை. ஆனால் ஓரியூர் ஐயா எழுதியதை வாசித்தபோது, அட இது நம் வீட்டுச் சண்டையாயிற்றே என்று தோன்றியது. வைணவத்தில் வடகலை தென்கலை பிரிவுக்கு நாமம் மட்டும் காரணம் இல்லை. வடகலையார் குரங்குக்குட்டி என்பார்கள். தாய் தாவும்போது குட்டி தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் விழும். தென்கலையார் பூனைக்குட்டி என்பார்கள். அது ஒன்றும் செய்ய வேண்டாம், தாய்ப்பூனை கழுத்தைக் கவ்வித் தூக்கிப்போகும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம். சபைச்சகோதரன் குரங்கு, சென்னைக்காரர் பூனை. தப்பாக எடுக்க வேண்டாம்.

கீழக்கரை_காக்கா

எங்களிடமும் உண்டு தம்பி. எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்று ஜபரிய்யா, எல்லாம் மனிதன் கையில் என்று கதரிய்யா, இரண்டு கூட்டமும் ஆரம்ப காலத்திலேயே மோதிக்கொண்டது. அப்புறம் அஷ்அரி இமாம் வந்து, செயலைப் படைப்பது அல்லாஹ், அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வது மனிதன் என்றார். மதரசாவில் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பரீட்சையில் தோற்றது களா கத்ர் (இறைவன் விதி) என்று வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஒட்டக ஹதீஸைச் சொல்லி, முதலில் ஒட்டகத்தைக் கட்டு, பிறகு இறைவன் மேல் பாரத்தைப் போடு என்று முதுகில் ஒன்று வைத்தார்.

நெறியாளர்

குரங்கு, பூனை, ஒட்டகம், ஆடு எல்லாம் வந்துவிட்டது. இழை தொடங்கியவரின் கேள்விக்கு வாருங்கள்.

கடலோரப்பொடியன்

ஓரியூர் ஐயா, பாஸ்கா இரவில் பதில் சொல்கிறேன் என்றீர்கள். உண்மையைச் சொல்லட்டுமா, அந்த நேரத்தில் மெழுகு உருகி விரலில் சொட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உள்ளவன் சொல்வதைச் சேர்த்துச் சொல்வேன். அதற்கும் பந்தலில் கை தூக்கியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வார்த்தை என்னை உறுத்துகிறது. கோவிலில் 'மீட்பு' என்கிறோம், சபையில் 'இரட்சிப்பு' என்கிறார்கள். மீட்பு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அடகுக்கடைதான். தடைக்காலம் வந்தால் மனைவி வளையல் உள்ளே போகும், சீசனில் நல்ல பாடு கிடைத்தால் மீட்போம். இல்லை என்றால் அக்கரையில் பிடிபட்ட படகை மீட்பது. வளையலோ படகோ மீட்கப்படுவதற்கு ஒன்றும் செய்வதில்லை. பணம் கட்டுகிறவன் கட்டுகிறான், வெளியே வருகிறது. அப்படிப் பார்த்தால் சென்னை அண்ணன் சொல்வது சரியோ?

ஓரியூர்மண்

நல்ல கேள்வி. ஆனால் வளையல் திரும்பப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்காது. மனிதன் பிடிப்பான். "உன்னைக் கேட்காமல் உன்னைப் படைத்தவர் உன்னைக் கேட்காமல் உன்னை நீதிமானாக்குவதில்லை" என்று அகுஸ்தினார் சொன்னதன் கருத்து அதுதான்.

உதாரணத்துக்கு எங்கள் ஊருக்கே வருகிறேன். ஓரியூரில் மறைப்பணியாளர் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. ஏன் வெட்டினார்கள்? மறவ நாட்டில் தடியத்தேவர் என்ற இளவரசர், நோயில் கிடந்து குணமானவர், திருமுழுக்குக் கேட்டார். அருளானந்தர் உடனே கொடுக்கவில்லை. உமக்கு மனைவியர் பலர், ஒருத்தியோடு மட்டும் வாழச் சம்மதமா என்று கேட்டார். தடியத்தேவர் யோசித்து, சம்மதித்து, மற்றவர்களை விலக்கிய பிறகுதான் திருமுழுக்கு. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவ நாட்டு மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவு. அவள் போய் முறையிட, அருளானந்தரைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் 1686இலேயே அவரைப் பிடித்து வதைத்து, இனி இந்த நாட்டில் காலடி வைக்காதே என்று அனுப்பினார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் திரும்பி வந்தார். இழுப்பு இருந்தது, ஆனால் வந்தது அவர் கால்தான். இந்த இரண்டு பேருமே தேர்ந்தெடுத்தவர்கள். கீபோர்டு கிடையாது.

பாசிக்காரி (பாம்பன், சின்னப்பாலம்)

நான் பேசலாமா? ஆண்கள் மட்டும்தான் எழுதுகிறீர்கள் என்று சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஓரியூர் அண்ணே, வருடாவருடம் அந்தச் செம்மண்ணை நானும் எடுத்து வருகிறவள்தான். ஆனால் அந்தக் கதை கேட்கும்போதெல்லாம் ஒன்று இடறும். தடியத்தேவர் தேர்ந்தெடுத்தார். அருளானந்தர் தேர்ந்தெடுத்தார். விலக்கப்பட்ட அந்தப் பெண்கள்? நேற்றுவரை மனைவி, இன்றைக்கு வெளியே. அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது? ஒருத்தி போய் முறையிட்டதும் கெட்டவளாகிவிட்டாள். அவளும் தன் விருப்பத்தைத்தான் காட்டினாள்.

அருளானந்தரைக் குறை சொல்லவில்லை. ஒருவன் ஏற்றுக்கொள்வது என்பது அவன் ஒருவனோடு முடிவதில்லை என்கிறேன்.

ஓரியூர்மண்

அம்மா, 20 வருடம் பாடம் எடுத்தேன், ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. பதில் என்னிடம் இல்லை.

கீழக்கரை_காக்கா

அக்கா சொன்னதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கரையில் மதம் மாறியது ஒவ்வொரு ஆளாக உட்கார்ந்து யோசித்தா நடந்தது? 1530களில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் ஊர் ஊராகத்தான் ஞானஸ்நானம் வாங்கினார்கள். முத்துச் சலாபத்தில் (முத்துக்குளிப்பில்) எங்கள் ஆட்களோடு தகராறு, போர்த்துக்கீசர் பாதுகாப்புத் தருகிறேன் என்றார்கள். எங்கள் பக்க நியாயம் பேச இங்கே வரவில்லை, இரண்டு பக்கமும் அடி விழுந்தது. ஆனால் அந்தச் சேர்க்கையில் 'சொந்த இரட்சகர்' எங்கே இருந்தார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஓரியூர்மண்

வரலாறு சரி காக்கா. 1542இல் சவேரியார் வந்து பார்த்தபோது பலருக்கு ஒரு செபமும் தெரியவில்லை. அவர் உதவிக்கு ஆள் வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழில் எழுதி மனப்பாடம் செய்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஆக, இங்கே முழுக்கு முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது. ஆனால் 1549இல் வேதாளையில் வடுகர் (விஜயநகரத்தார்) படை வந்தபோது கிரிமினாலி என்ற சாமியார் கப்பலேறித் தப்பியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிடத் திரும்பிப்போய் ஈட்டிக்கு இரையானார். யாரும் அவரைப் போ என்று சொல்லவில்லை. பாதுகாப்புக்காக வந்ததுதானே என்று மொத்தமாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தாத்தாவின் தாத்தா எதற்காகச் சேர்ந்தாரோ தெரியாது, அவர் பேரன் கோவிலுக்கு வெளியே மழையில் நின்று செபமாலை சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

தண்டையல்_பாம்பன்

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

மீனைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கரைவலை இழுத்தவன். இரண்டு பக்கமும் கயிறு, நடுவில் மடி. மணலில் குதிகாலைப் பதித்து, அம்பா பாடி, ஒரு மணி இரண்டு மணி நேரம் இழுக்க வேண்டும். சென்னைத் தம்பி, வலைக்குள் வந்த மீன் எல்லாம் கரைக்கு வரும் என்று யார் சொன்னது? மடவை என்று ஒன்று இருக்கிறது. வலை நெருங்க நெருங்க அது எகிறிக் குதித்து வெளியே போகும். அதைப் பிடிக்க வலைக்குப் பின்னால் ஆள் நிற்கும், அப்படியும் பாதி போய்விடும். சூடை மீன் குதிக்காது.

அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நாட்டுப்படகில் இருந்த காலம். ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பி வள்ளம் கவிழ்ந்துவிட்டது. மூன்று பேர். இருட்டில் ஆளுக்கொரு பக்கம் நீவாடு (கடல் நீரோட்டம்) கொண்டுபோய்விட்டது. நான் ஒரு காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும் வரை கிடந்தேன். விடிந்த பிறகு ஒரு படகு வந்தது. கயிறு எறிந்தார்கள். என் கைக்கு நேராக, உள்ளங்கையிலேயே விழுந்தது. பிடி பிடி என்று கத்துகிறார்கள், எனக்குக் கேட்கிறது, பிடிக்க வேண்டும் என்ற நினைப்பும் இருக்கிறது, விரல் மடங்கவில்லை. இரவு முழுக்கக் கேனைப் பிடித்த விரல் மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. கயிறு கையைத் தடவிக்கொண்டு போய்விட்டது. மறுபடி எறிந்தார்கள், மறுபடி போய்விட்டது.

அப்புறம் ஒருவன் குதித்தான். குதித்து வந்து பின்னாலிருந்து என் கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேனை விட மாட்டேன் என்று அவனை உதைத்தேன். தோள்பட்டையில் கடித்தேன். எனக்கு அது ஞாபகம் இல்லை, ஆனால் பல் தடம் இன்றும் இருக்கிறது. டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம் சட்டையை விலக்கிக் காட்டி, டீக்குக் காசு கொடு என்பான். கொடுப்பேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை, அவன்தான் காப்பாற்றினான். அதில் சந்தேகமே இல்லை. கயிறு பிடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் கடித்தது நான்தான். அதை வேறு யார் தலையிலும் போட முடியாது. மற்ற இரண்டு பேரில் ஒருவன் வரவில்லை. அவனைத் தேடியும் போனார்கள், அவனும் கயிறு பிடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, ஏன் நான் வந்தேன் அவன் வரவில்லை என்று கேட்டால் 30 வருடமாகப் பதில் கிடையாது. ஆகையால் இந்தச் 'சிலரைத் தேர்ந்தெடுத்தார்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

தெரிந்துகொள்ளப்பட்டவன்

ஐயா, கடைசி வரியைப் பணிவாக வாங்கிக்கொள்கிறேன். இதைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்குத் தீர்த்த மாதிரிப் பேசிவிடுகிறோம். என் அப்பா நம்பாமல்தான் இறந்தார். அவர் விஷயத்தில் இந்த உபதேசத்தை வாயெடுத்துச் சொல்ல எனக்கே முடிவதில்லை.

நீங்கள் சொன்னது கிட்டத்தட்ட லூத்தரன் சபையார் நிற்கும் இடம். காப்பாற்றப்பட்டால் முழுக்க தேவன், கெட்டுப்போனால் முழுக்க மனிதன். இரண்டையும் இணைக்க ஒரு சூத்திரம் கேட்டால், இல்லை என்பார்கள். நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் நான் எழுதிய 'வலை மீன்' உதாரணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். 1618-19இல் டார்ட் நகரில் கூடிய எங்கள் கால்வினியச் சபைகளின் சங்கமே, கிருபை மனிதரை மரக்கட்டை, கல் போல நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதும் இல்லை, உயிர்ப்பிக்கிறது என்றுதான் எழுதிவைத்தது. வாதத்தில் வேகமாக எழுதிவிட்டேன்.

சபைச்சகோதரன்

ஐயா, அந்த ஆள் குதித்தது மாதிரித்தான் ஆண்டவர் குதித்தார். இதை ஞாயிறு சாட்சியில் சொல்லட்டுமா?

தண்டையல்_பாம்பன்

சொல். ஆனால் கடைசியில் கை தூக்கச் சொல்லாதே.

அக்னிதீர்த்தம்

பூனைக்குட்டி கடிக்கும் என்று ஆச்சாரியர்கள் யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கமும் இதை யோசிக்க வேண்டும்.

ஓரியூர்மண்

கத்தோலிக்கருக்குள்ளேயே இது தீராத விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லை என்றால் நான் ஏதோ தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். 1588இல் மோலினா என்ற இயேசு சபைக்காரர், யார் எந்தச் சூழ்நிலையில் என்ன செய்வார் என்பது கடவுளுக்கு முன்பே தெரியும், அதை வைத்து அருள் தருகிறார் என்று எழுதினார். தொமினிக்கர் என்ற இன்னொரு துறவற சபையார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ரோமில் வருடக்கணக்காக விசாரணை நடந்தது. 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், இரண்டு பக்கமும் தங்கள் கருத்தை வைத்துக்கொள்ளலாம், ஒருவரையொருவர் பதிதர் (தவறான போதனைக்காரர்) என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். இன்றுவரை அந்தக் கோப்பு மூடப்படவில்லை. தம்பி, பாப்பரசரே விட்டுவிட்டதை நீ தடைக்காலத்துக்குள் முடிக்கப் பார்க்கிறாய்.

1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன்காரரும் சேர்ந்து ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டார்கள், அருளால் மட்டுமே, நம் தகுதியால் இல்லை என்று. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். ஆக, சண்டை முன்பு இருந்த அளவு இல்லை.

கடலோரப்பொடியன்

எல்லாருக்கும் நன்றி. தண்டையல் ஐயா எழுதியதைப் படகடியில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தேன், கையில் இருந்த பிரஷ் காய்ந்துவிட்டது.

பந்தலில் கை போனது யாரால் என்று இன்னும் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. அதற்கு முன்னால் நாலைந்து வருடமாகக் கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை முடியும் வரை போன் பார்த்தேனே, அது நான். உள்ளே வா என்று அம்மா கூப்பிட்டபோது வராதது நான். யாரும் என்னை இடிக்கவில்லை, பின்னணி இசை எதுவும் இல்லை.

பாஸ்டரிடம் இப்போதைக்கு முழுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, நெருக்கவும் இல்லை, ஜெபிக்கிறேன் என்றார். தூக்கிய கையை வாபஸ் வாங்கவும் இல்லை. அம்மாவிடம் அதைச் சொன்னேன். பேசவில்லை, ஆனால் இன்றைக்குத் தட்டில் நகரை மீன் நடுத்துண்டு விழுந்தது.

பாசிக்காரி

தம்பி, எல்லாரிடமும் கேட்டாய். பாஸ்டர், அம்மா, ஊர்பேர் தெரியாத நாங்கள். உன் மனைவியிடம் கேட்டாயா? கோவிலா சபையா என்று நீ முடிவு செய்தால் நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கப்போவது அவள். இந்த இழை முழுக்க அவள் ஒரு முழங்கையாகத்தான் வருகிறாள்.

கடலோரப்பொடியன்

கேட்கவில்லை அக்கா.

சபைச்சகோதரன்

கேளுங்கள் பிரதர். நானும் என் வீட்டில் கேட்டதில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

கடலோரப்பொடியன்

இரவு கேட்டேன். உனக்கு எது வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் வந்து சேர்ந்த பிறகு கேளுங்கள், இப்போது எதைச் சொன்னாலும் அவனுக்காகச் சொன்னதாகத்தான் இருக்கும் என்றாள். எனக்கு வராத யோசனை அவளுக்கு வந்திருக்கிறது.

சரி, அன்றைக்கு என்னை ஏன் இடித்தாய் என்று கேட்டேன். நான் எங்கே இடித்தேன் என்கிறாள். பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, இரண்டு கையாலும் பிள்ளையைத்தான் பிடித்திருந்தேன், நீங்கள் கை தூக்கியதே பாஸ்டர் நன்றி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும் என்கிறாள்.

அப்படியானால் இடித்தது யார் என்று இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அன்றைக்குப் பந்தலில் நெருக்கியடித்துத்தான் உட்கார்ந்திருந்தோம்.